கார்வெட்டை ரேஸுக்குத் தயார் செய்யப் போய் நான் தொலைத்த 19,000 டாலரும் மூன்று வருடமும்

2021 அக்டோபரில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்து உட்கார வைத்து இதில் பாதியையாவது சொல்லியிருந்தால் இன்றைக்கு என் வங்கிக் கணக்கும் வேறு மாதிரி இருந்திருக்கும், அந்த இன்ஜினும் உயிரோடு இருந்திருக்கும். ஆங்கிலத்தில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்ற வரிசையை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். அதற்கு விலையும் கொடுத்தேன். அதனால்தான் தமிழில், என் மாதிரி ஆசையோடு இறங்குகிற ஒருவருக்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துச் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போவோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. 2005-இல் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது ஹாஸ்டலே விழித்திருந்தது. அந்த ஆசை உள்ளேயே கிடந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்து, வீட்டுக்கடன் ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகு, 23,500 டாலருக்கு 2002 மாடல் சி5 கார்வெட் இசட்06 ஒன்றை வாங்கினேன், செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். 5.7 லிட்டர் வி8, 405 குதிரைத் திறன், எடை 1,400 கிலோவுக்குச் சற்று மேல். அந்த விலைக்கு அவ்வளவு வேகமான கார் வேறு கிடைக்காது. இதை இன்றைக்கும் சொல்வேன், கார் தேர்வில் நான் தவறு செய்யவில்லை.

தவறு அடுத்த மாதமே ஆரம்பித்தது. ரேஸ் கார் என்றால் முதலில் சக்தி என்றுதான் மண்டையில் இருந்தது. இன்ஜின் சக்தியைக் கூட்டும் புது கேம்ஷாஃப்ட், ஹெடர், இன்டேக், அதற்கேற்ற ட்யூனிங் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 6,800 டாலர். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றியபோது பின்சக்கரத்தில் 415 குதிரைத் திறன் என்று காட்டியது. அந்தத் தாளை ஃபிரேம் போடாத குறைதான். பிரேக்கைப் பற்றி அந்த ஒர்க்‌ஷாப்பும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2022 மே மாதம், ஆஸ்டின் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸில் முதல் டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். இருபது வளைவுகள், ஐந்தரைக் கிலோமீட்டர். புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பயிற்சியாளர் உட்காருவார். 11-ஆம் வளைவுக்கும் 12-க்கும் நடுவில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளும் நேர்ப்பாதை உண்டு. நான்காவது லேப்பிலேயே பிரேக் மிதி கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்குவது தெரிந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. ஐந்தாவது லேப்பில் அந்த நேர்ப்பாதையின் முடிவில் 210 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தபோது மிதி அடித்தட்டு வரை போய்விட்டது. வேகம் குறையவே இல்லை. பயிற்சியாளர் குரலை உயர்த்தாமல், "நேராகவே போ, திருப்பாதே, மிதியை விட்டு விட்டு அடி" என்றார். அந்த வளைவுக்கு வெளியே அகலமான தார்த்தரை இருந்ததால்தான் பிழைத்தோம். தரையில் பூசியிருந்த வண்ணக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காருக்கடியில் போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் தடுப்புக்கு நான்கைந்து கார் நீளம் முன்னால் நின்றது. கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

காரணம் ரொம்பச் சாதாரணம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் நான்கு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரையைத் தொடுவது அதனால்தான். என் காரில் இருந்த ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. முந்தைய ஓனர் எப்போது மாற்றினாரோ, நான் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 6,800 டாலர் செலவழித்து வேகத்தைக் கூட்டி, அந்த வேகத்தை நிறுத்துகிற இடத்தில் பழைய ஆயிலையும் சாதாரண ரோட்டு பிரேக் பேடையும் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் உயிரும் அதில் இருந்தது என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

அதற்கப்புறம் செய்ததைச் சொல்கிறேன், முதல் டிராக் டேக்கு முன்னால் இதை மட்டும் செய்தாலே போதும். 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸிங் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றி நான்கு சக்கரத்து பிரேக் குழாயிலும் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். டிராக்குக்கென்றே செய்த பேட் போட வேண்டும், அது ரோட்டில் கிறீச்சிடும், குளிரில் சரியாகப் பிடிக்காது, அதனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் மாற்றிவிடுவது நல்லது. முன் ரோட்டர்களுக்கு, அதாவது பேட் பிடிக்கும் அந்தத் தட்டுகளுக்கு, காரின் மூக்கிலிருந்து மூன்று அங்குலக் குழாய் வழியாகக் காற்று போக வழி செய்ய வேண்டும். கடைசி லேப்பை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிட்டு உள்ளே வர வேண்டும், வந்தபின் ஹேண்ட் பிரேக் போடவே கூடாது, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். எல்லாம் சேர்த்து எனக்கு 1,150 டாலர் ஆனது. ஆயிலை ஒவ்வொரு இரண்டு மூன்று டிராக் நாளுக்கும் ஒரு தடவை மாற்றுகிறேன். திறந்து பாதி மீதியிருக்கிற பாட்டிலை அடுத்த மாதம் ஊற்றுவதில்லை, மூடியிருந்தாலும் அது ஈரம் வாங்கியிருக்கும்.

பிரேக் சரியான பிறகு சான் மார்கோஸில் இருக்கும் சின்ன டிராக்குக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வேறு ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. சில சமயம் மட்டும், ஒரு வேகமான வளைவுக்கு அடுத்த பிரேக்கில், மிதி பாதி தூரம் சும்மா போய்விட்டுப் பிறகு பிடிக்கும். ஆயில் மறுபடி கொதிக்கிறதோ என்று இரண்டு தடவை மாற்றினேன், வீண். உண்மையில் ஆட்டம் சக்கர ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பாகத்தில் இருந்தது. வளைவில் ஹப் பேரிங் சற்று அசையும்போது ரோட்டர் சாய்ந்து பேடைத் தள்ளிவிடுகிறது, பேடை அழுத்தும் பிஸ்டன் பின்னால் போய்விடுகிறது, அடுத்த மிதியில் அந்த இடைவெளியை முதலில் நிரப்ப வேண்டியிருக்கிறது. காரைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையிலேயே தெரியும். தெரிந்த பிறகும் நான் கஞ்சத்தனம் செய்தேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஹப்பை வாங்கிப் போட்டேன். மூன்றாவது டிராக் நாளில் கரகரவென்று சத்தம், ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, அன்றைய கட்டணமும் போனது. இப்போது டிராக் உபயோகத்துக்கென்று செய்த ஹப் போட்டிருக்கிறேன், விலை பல மடங்கு, ஆனால் இரண்டு சீசனாக ஆட்டம் இல்லை. நேர்ப்பாதையில் பிரேக் இடத்துக்கு முன்னால் இடது காலால் மிதியை ஒரு தடவை லேசாகத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். வீல் நட்டுகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறேன், இந்தக் காருக்கு 100 அடி-பவுண்டு.

டெக்சாஸ் வெயில் தனிக்கதை. ஆகஸ்ட்டில் ஒரு நாள் கூலன்ட் 118 டிகிரி, இன்ஜின் ஆயில் 150-ஐத் தொட்டது. ரேடியேட்டர் மாற்றச் சொன்னார்கள், பெரிய ஃபேன் போடச் சொன்னார்கள். சி5 கார்வெட் தனக்கான காற்றை முன்பக்கத்து கிரில் வழியாக எடுப்பதில்லை, மூக்குக்கு அடியிலிருந்து எடுக்கிறது. அங்கே தொங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடுதான் காற்றை மேலே ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். எங்கள் வீட்டு டிரைவ்வே ஏற்றத்தில் உரசி உரசி அதில் பாதி எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. நான் அதை அழகுக்கு வைத்த தகடு என்று நினைத்திருந்தேன். சில பத்து டாலர் சமாச்சாரம். கூடவே ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டயர் ரப்பர் துணுக்கும் காய்ந்த புல்லும் ஒரு மளிகைக் கடைப் பையின் கிழிசலும் பாய் மாதிரி படிந்திருந்தன. கையால் உரித்தபோது ஒரே துண்டாக வந்தது. பெரிய ரேடியேட்டர் பிறகுதான் தேவைப்பட்டது, அன்றைக்கு இந்த இரண்டையும் சரிசெய்ததிலேயே 10 டிகிரிக்கு மேல் இறங்கியது. ஆயிலுக்குத் தனியாக கூலர் மட்டும் இந்த ஊர் வெயிலுக்குக் கட்டாயம்.

கிளட்ச் ஆயிலையும் பார்க்க வேண்டும். கறுத்துப்போனால் அதிக ஆர்பிஎம்மில் கிளட்ச் மிதி கீழேயே ஒட்டிக்கொள்ளும். சின்னக் கிண்ணத்திலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றி, இருபது முப்பது தடவை மிதித்து, திரும்ப உறிஞ்சி, நிறம் தெளியும்வரை செய்தால் போதும்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமானது. 2023 பிப்ரவரியில் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய ஸ்லிக் டயர்கள் (பள்ளக் கோடுகளே இல்லாத ரேஸ் டயர்கள்) வாங்கினேன். பிடிப்பு அபாரம். வளைவில் உடம்பு கதவில் போய் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு. அதே பிடிப்பு இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயிலையும் ஒரு பக்கமாகத் தள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆயில் தொட்டியில் உறிஞ்சுகுழாய் ஓரிடத்தில்தான் இருக்கிறது. நீளமான வளைவில் ஆயில் சுவரேறிப் போய்விட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும். மறுபடி அதே ஆஸ்டின் டிராக், 16, 17, 18 என்று மூன்று வளைவு ஒன்றாகச் சேர்ந்த நீண்ட வலது வளைவு. வெளியே வரும்போது ஆயில் பிரஷர் முள் 50-க்கு மேல் இருக்க வேண்டியது 15-இல் இருந்துவிட்டு ஏறியது. ஒரு கண நேரம்தான். மீட்டர் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் ஆறு லேப் ஓட்டினேன். இந்த முழுக் கதையிலும் நான் திரும்பப் பெற விரும்புவது அந்த ஆறு லேப்பைத்தான்.

ஏழாவதில் டக் டக் என்று அடியிலிருந்து ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் குறையும், கொடுத்தால் கூடும். அணைத்துவிட்டேன். வீட்டுக்கு இழுத்து வந்த பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தால் ஜிகினா தூவின மாதிரி மின்னியது, வெள்ளியும் செம்பு நிறமும் கலந்து. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து ஆயிலில் கரைந்திருக்கிறது. கிராங்க்‌ஷாஃப்டும் போய்விட்டது. 6,800 டாலர் போட்டு மெருகேற்றிய இன்ஜின் முடிந்தது. அன்று ராத்திரி கராஜிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையில்லங்க? அப்ப விடுங்க, சாப்பிட வாங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் செலவுக் கணக்கை முழுசாகக் காட்டியது அதற்கு மறுநாள்தான். முதல் நாளிலிருந்தே காட்டியிருக்க வேண்டும், இதையும் ஒரு பாடமாகவே சொல்கிறேன், வீட்டுக்குத் தெரியாத பட்ஜெட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மாற்று இன்ஜினுக்கும் வேலைக்கும் 9,200, இரண்டு தடவை கார் இழுத்த செலவு 850, ஐந்து மாதம் கார் ஸ்டாண்டில். இந்தத் தடவை இன்ஜினை கம்பெனி நிலையிலேயே விட்டேன். அதற்குப் பதில் ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள், கூடவே பிரஷர் விழும் கணத்தில் ஆயிலை உள்ளே தள்ளும் ஒரு சேமிப்புக் குழல், பிரஷர் குறைந்தால் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு பெரிய சிவப்பு விளக்கு. முள்ளைப் பார்த்துக்கொண்டு யாரும் வளைவில் ஓட்ட முடியாது. அந்த விளக்குதான் எனக்கு 9,000 டாலர் மிச்சப்படுத்தியிருக்கும். ஸ்லிக்கை விற்றுவிட்டு ரோட்டிலும் ஓட்டக்கூடிய 200 டிரெட்வேர் (தேய்மான எண்) டயருக்குத் திரும்பினேன், அது வழுக்கப்போகும்போது சத்தம் போட்டுச் சொல்லும், கற்றுக்கொள்கிறவருக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்திலும் வரிசை மாறிப்போனது. கார் வாங்கிய புதிதில் அசல் சீட்டிலேயே நான்கு முனை ஹார்னஸ் (இரண்டு தோளையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டும் ரேஸ் பெல்ட்) மாட்டியிருந்தேன். ஒரு நிகழ்ச்சியில் காரைச் சோதித்தவர் அதைக் கழற்றச் சொன்னார், எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். சாதாரண பெல்ட்டில் கார் கவிழ்ந்தால் உடம்பு பக்கவாட்டில் சாயும், கூரை நசுங்கினாலும் தலைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஹார்னஸ் உடம்பை நிமிர்த்திக் கட்டிவிடும், ரோல் பார் (கூரைக்கு அடியில் மாட்டும் பாதுகாப்புக் கம்பி) இல்லையென்றால் கூரை நேரே தலையில் இறங்கும். தொடைக்கு நடுவில் வரும் பட்டை இல்லையென்றால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். தோள் கட்டப்பட்டுத் தலை மட்டும் முன்னால் வீசப்பட்டால் கழுத்து எலும்பு தாங்காது, அதற்குத் தலையையும் கழுத்தையும் பிடிக்கும் ஹான்ஸ் மாதிரியான கருவி வேண்டும். ரோல் பார், சரியான சீட், ஆறு முனை ஹார்னஸ், கழுத்துக் கருவி இந்த நான்கும் ஒன்றாகத்தான் வர வேண்டும். அதுவரை கம்பெனி பெல்ட்டே மேல். ஹெல்மெட்டில் எஸ்ஏ என்று தொடங்கும் ஸ்னெல் (ஹெல்மெட்டைச் சோதிக்கும் அமைப்பு) முத்திரை இருக்கிறதா பாருங்கள், பைக் ஹெல்மெட் ஆகாது.

அவர் சொன்னதைக் கேட்டு உடனே போல்ட்டில் மாட்டும் ரோல் பார் ஒன்று 1,900 கொடுத்து வாங்கினேன். விதிப்புத்தகத்தை அப்போதும் படிக்கவில்லை. கடிகாரத்தோடு போட்டி போடும் டைம் டிரையலுக்கு அது போதும். பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நிஜ ரேஸுக்கு முழுக் கூண்டு வெல்டிங் செய்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது ரேஸ். பாரை 700-க்கு விற்றேன். கூண்டு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவதும் ஆபத்து, கம்பியில் தலை மோதும். ஆகவே டிரெய்லர் வேண்டும், இழுக்க ஒரு டிரக் வேண்டும். ஒன்றைத் தொட்டால் இப்படி நான்கு கூடவே வரும். அதனால் காரில் ஒரு நட்டைக் கழற்றும் முன் எந்தப் பிரிவில் ஓடப் போகிறீர்கள் என்று முடிவு செய்து அந்தப் பிரிவின் விதிகளை வரி வரியாகப் படியுங்கள். எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா), நாசா என்று ரேஸ் நடத்தும் இரண்டு பெரிய அமைப்புகள் இங்கே இருக்கின்றன. ராக்கெட் விடும் நாசா இல்லை, இது நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். அவர்களுடைய சூப்பர் டூரிங் பிரிவுகளில் காரின் எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தை வைத்தே உங்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். அதாவது என் 415 குதிரைத் திறன் எனக்கு ஒரு அனுகூலமும் தந்திருக்காது, என்னைவிடப் பல வருடம் அனுபவமும் பெரிய இறக்கையும் உள்ள கார்களோடு மேல் பிரிவில் கொண்டுபோய் விட்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டபோது இன்ஜின் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

காப்பீட்டையும் பாருங்கள். என் சாதாரணக் கார் பாலிசியில் ரேஸ் டிராக்கில் நடக்கும் எதற்கும் பணம் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக டிராக் டே காப்பீடு வாங்கலாம், ரேஸுக்கு அது பெரும்பாலும் செல்லாது. உடைந்தால் அப்படியே விட்டுவிட்டு நடந்து போக முடிகிற காரைத்தான் எடுத்துப் போக வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் இப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

செலவழித்ததிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் இரண்டு நாள் தனிப் பயிற்சியாளருக்குக் கொடுத்த 1,400. 415 குதிரைத் திறனோடும் ஸ்லிக்கோடும் ஆஸ்டினில் என் சிறந்த லேப் 2 நிமிடம் 41 விநாடி. கம்பெனி இன்ஜினோடு, சாதாரண டயரில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பிரேக்கை விடும் விதத்தை மட்டும் மாற்றியபிறகு 2:35. நான் வளைவுக்குள் போகுமுன்பே பிரேக்கைச் சட்டென்று விட்டுவிடுகிறேன், முன்டயர் மேல் இருந்த எடை பின்னால் ஓடிவிடுகிறது, அதனால்தான் கார் திரும்ப மறுக்கிறது என்று டேட்டாவில் காட்டினார். மிதியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக் காலை எடுக்கச் சொன்னார். ஆறு விநாடி அந்த முட்டையில் இருந்தது.

வீணானது என்று நான் எழுதி வைத்திருப்பது: கேம்ஷாஃப்ட் வேலை 6,800, இன்ஜின் 9,200, இழுத்த கூலி 850, ரோல் பாரில் 1,200, பாதியில் நின்ற நாட்களின் கட்டணம் 950. மொத்தம் 19,000 டாலர். 2024 நவம்பரில் முதல் ரேஸ் ஓடினேன், 19 கார்களில் 11-ஆவது. கார் முழுதாக வீடு திரும்பியது.

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி ஒருவன் மஸ்டாங் ஜிடி வாங்கியிருக்கிறான். "அண்ணே, சூப்பர்சார்ஜர் போட்டுட்டு டிராக்குக்குப் போலாம்னு இருக்கேன், எந்தக் கடை நல்லாருக்கும்?" என்றான். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றேன். வந்தான். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைப் பேப்பர் டவலின் நுனியை அதில் தோய்த்து அவன் கையில் கொடுத்தேன். கறை பழுப்பாகப் படர்ந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அண்ணே, ஜாக்கி எங்க இருக்கு?" என்றான். சாயந்திரத்துக்குள் நான்கு சக்கரத்திலும் ஆயில் மாற்றி முடித்தோம்.